வாங்கியவர்கள் எழுதிய குறிப்புகளை அழித்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சிங்கப்பூர்க் கிளை.

பொருள்: ‘வாங்கியவர்கள் பட்டியல்’ மாற்றப்பட்டது குறித்தும், தவறான துணிக்குப் பணம் திரும்பக் கோரியும்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தாவ்பாவ் போன்ற சீனத் தளங்களில் துணி வாங்கி, உங்கள் குவாங்சோ கிடங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு வரவழைப்பவர்களில் நானும் ஒருத்தி. தீபாவளிக்காக உங்கள் மூலம் வாங்கிய நீளக் கவுன்கள், உங்கள் செயலியில் உள்ள ‘வாங்கியவர்கள் பட்டியலில்’ சொன்ன துணியில் வரவில்லை. அதற்குப் பணம் திரும்ப வேண்டும். ஆனால் அந்தத் தவறு எப்படி நடந்தது என்று தேடியபோது, எங்கள் பட்டியலுக்கு நீங்கள் செய்திருப்பது தெரிந்தது. என் முதல் புகார் அதைப் பற்றியது.

அந்தப் பட்டியலை உங்கள் ஊழியர்கள் யாரும் எழுதவில்லை. வாங்கிய பெண்கள் நாங்கள் எழுதினோம். தாதிகள், பாலர்பள்ளி ஆசிரியைகள், வீட்டோடு இருப்பவர்கள் எனப் பலரும் சேர்த்த பகிர்வு விரிதாளாகத்தான் அது தொடங்கியது. நல்ல துணி கிடைத்தவர் கடையின் இணைப்பை ஒட்டுவார். யுவானில் விலை, தன் உடல் அளவு, வாங்கிய தேதி எல்லாம் பக்கத்தில் எழுதுவார். பிறகு குறிப்பு வரும். ‘படத்தில் மயில் நீலம், கையில் வந்தது சாம்பல்.’ ‘வெள்ளை நிறம் வேண்டாம், உள்பாவாடை இல்லாமல் போட முடியாது.’ ‘இரண்டாம் துவைப்பில் கை சுருங்கிவிட்டது.’ ‘மாமிக்கு வாங்கினேன், கழுத்து இறக்கம், திருப்பிவிட்டேன்.’ பாராட்டைவிட எச்சரிக்கைக் குறிப்புகளைத்தான் எல்லாரும் முதலில் படிப்போம். உங்கள் செயலிக்குள் கொண்டுவந்தால் தேட வசதியாக இருக்கும், குறிப்புகள் அப்படியே இருக்கும் என்று நீங்கள் அழைத்ததால் அங்கே மாற்றினோம்.

இந்தக் குறிப்புகள் இல்லாமல் அங்கே வாங்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஒரே கவுனின் ஒரே படத்தைப் பத்து இருபது கடைகள் போட்டிருக்கும். ஒருவர் 49 யுவான் என்பார், மற்றவர் 139 என்பார். மொத்தச் சந்தையிலிருந்து எடுத்து விற்கிறவரும், அதைப் பார்த்து மலிவுத் துணியில் தைக்கிறவரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். அளவோ இன்னும் சிக்கல். சீனச் சட்டைகளில் 165/88ஏ என்று இருக்கும். முதல் எண் உயரம், அடுத்தது மார்புச் சுற்றளவு, இரண்டும் சென்டிமீட்டரில். கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கும். பெண்கள் உடையில் ‘ஏ’ என்றால் 14 முதல் 18 சென்டிமீட்டர். எக்ஸ்எல் என்று விற்கும் பல சட்டைகளில் 175/96ஏ என்றே இருக்கிறது. 96 சென்டிமீட்டர் மார்பும் 175 சென்டிமீட்டர் உயரமும் உள்ளவருக்கு அளவெடுத்த உடை, பிள்ளை பெற்ற, குட்டையான, தோள் அகன்ற எங்களில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? எங்களைப் போன்ற உடல்வாகு உள்ள ஒருத்தி ‘என் மார்பு 104, டூ எக்ஸ்எல் வாங்கினேன், கை தூக்க முடிகிறது’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி வாங்கலாம்.

தேதியும் அதே அளவு முக்கியம். நன்றாக விற்ற இணைப்பின் விற்பனை எண்ணிக்கையையும் விமர்சனங்களையும் வைத்துக்கொண்டு, உள்ளே பொருளை மட்டும் மாற்றிவிடும் விற்பனையாளர்கள் உண்டு. சென்ற ஆண்டின் பாராட்டு இந்த ஆண்டின் துணிக்குச் செல்லாமல் போகலாம்.

செயலியை அண்மையில் புதுப்பித்தபோது நீங்கள் தேதிகளை எடுத்துவிட்டீர்கள். எச்சரிக்கைக் குறிப்புகள் பெருமளவு காணாமல் போயின. பட்டியலின் மேல் வரிசைகளில் நாங்கள் யாரும் சேர்க்காத கடைகள் ‘பயனாளர் பரிந்துரை’ என்ற முத்திரையோடு நிற்கின்றன. உங்கள் தளத்தில் விற்பனையாளர்களுக்கான பக்கம் சீன மொழியில் இருக்கிறது. சீனம் படிக்கத் தெரிந்த என் சக ஊழியர் அதைப் படித்துச் சொன்னார்: பட்டியலில் முன்வரிசை பெற இவ்வளவு கட்டணம் என்று அங்கே விலைப்பட்டியலே போட்டிருக்கிறீர்கள். கடைகளிடம் காசு வாங்கி விளம்பரம் போடுங்கள், அதை நான் எதிர்க்கவில்லை. விளம்பரம் என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எங்கள் பெயரில் போடாதீர்கள்.

நான் வாங்கிய கவுன் அந்த முன்வரிசையில் இருந்தது. பருத்தியும் லினனும் கலந்தது என்று எழுதியிருந்தது. அக்காவுக்கும் தோழிகளுக்கும் சேர்த்து வாங்கினேன். வந்தது பாலியெஸ்டர். துணி விவரச் சீட்டைக் கத்தரித்திருந்தார்கள். உள்தையலிலிருந்து நூலை உருவி நெருப்பில் காட்டினால், சாம்பலாகாமல் உருகிக் கறுப்பு மணியாக உறைகிறது. இந்த வெயிலில் நாள் முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு விருந்தாளிகளைக் கவனிக்க முடியாது. பட்டியலின் பழைய பிரதி ஒன்றைத் தோழி சேமித்து வைத்திருந்தாள். இதே கடைக்கு நேராக, ‘துணியை மாற்றிவிட்டார்கள், இப்போது லினன் இல்லை, வாங்க வேண்டாம்’ என்று தேதியோடு ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த வரி இன்று உங்கள் செயலியில் இல்லை. இரண்டின் படங்களையும் இணைத்துள்ளேன்.

கிடங்கிலாவது இதைத் தடுத்திருக்கலாம். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமல் 7 நாளுக்குள் திருப்பலாம் என்று சீனாவின் பயனீட்டாளர் உரிமைச் சட்டம் 2014 மார்ச் 15 முதல் சொல்கிறது. உங்கள் கிடங்கு பொட்டலத்தைக் கையெழுத்திட்டு வாங்கியதும் அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. வந்த பொருளைக் காட்ட கிடங்கில் எடுக்கும் சரிபார்ப்புப் படங்களை நீங்கள் ஏற்றியதோ ஒன்பதாம் நாள். அவற்றிலும் கவுன் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்தபடியே இருக்கிறது. துணியை அருகில் எடுத்த படமும் அளவு நாடா வைத்த படமும் வேண்டும் என்று கூடுதலாகக் காசு கட்டியிருந்தேன். நாடா படம் வந்தது. அதில் இருந்தது வேறு யாருடைய சட்டையோ. எழுதிக் கேட்டேன். ‘திருப்பும் காலம் முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தது. அந்தக் காலத்தைக் கடத்தியது உங்கள் கிடங்கு.

சரக்குக் கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அளவு 50, 40, 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி, 5000-ஆல் வகுத்து, 12 கிலோ என்று கன எடைக்கு, அதாவது பெட்டியின் பருமனை வைத்துக் கணக்கிடும் எடைக்கு, காசு வாங்கினீர்கள். உண்மை எடை 5 கிலோகூட இல்லை. காற்றை வெளியேற்றிச் சிறிய பெட்டியில் கட்ட நான் கட்டணம் செலுத்திய ரசீதும் இணைப்பில் உள்ளது. பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் வெற்றிடம்.

சிங்கப்பூரிலிருந்து அந்தக் கடைக்கே திருப்பி அனுப்பினால் துணியின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. தவறான துணிக்கும் விலை, சரக்கு, வரி மூன்றையும் கட்டியாகிவிட்டது. குறைந்த சம்பளத்தில் குடும்பத்துக்கே உடுப்பு எடுக்கிறவர்கள் இந்தப் பட்டியலை நம்பித்தான் மலிவாக வாங்குகிறார்கள். அவர்களை எண்ணித்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே நான் கேட்பவை: கவுன்களின் விலையும், அவற்றுக்கான சரக்குக் கட்டணமும், வரியும், நிறைவேற்றாத படச் சேவைக்கும் கட்டும் சேவைக்கும் வாங்கிய தொகையும் முழுமையாகத் திரும்ப வேண்டும். உங்கள் செயலியில் செலவழிக்கும் கூப்பன் வேண்டாம். அழித்த குறிப்புகளையும் தேதிகளையும் பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும். காசு வாங்கிப் போட்ட வரிசைகளில் விளம்பரம் என்று தெளிவாக எழுத வேண்டும். குறிப்பு எழுதியவர்கள் கேட்டால், முழுப் பட்டியலையும் கோப்பாக எடுத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும். அது அவர்கள் உழைப்பு.

14 நாளுக்குள் எழுத்துவழிப் பதில் எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டு, சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே இரண்டு ஆண்டுக்குள் கொண்டுசெல்லலாம். பயனீட்டாளரைத் தவறாக எண்ணவைப்பது நியாயமற்ற நடைமுறை என்று இங்குள்ள நியாய வர்த்தகச் சட்டம் சொல்கிறது. காசு கொடுத்த கடையைப் ‘பயனாளர் பரிந்துரை’ என்று காட்டுவதை, அந்தச் சட்டத்தைக் கவனிக்கும் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்துக்கும் தெரிவிப்பேன். பழைய பிரதியை வைத்திருக்கும் தோழியும், குறிப்பு எழுதிய வேறு சிலரும் தங்கள் பெயரில் தனித்தனியே எழுத இருக்கிறார்கள்.

இணைப்பு: கட்டண ரசீதுகள், கிடங்குப் படங்கள், பொட்டலம் பெற்ற தேதிப் பதிவு, பட்டியலின் பழைய, புதிய வடிவங்கள், உங்கள் சேவைப் பிரிவின் பதில்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்