டிஸ்க் பிரேக் கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் உங்களில் பலர் சமீபமாக ஒரே வேலையைக் கேட்டு வருகிறீர்கள்: "டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட்டுக் கொடுங்கள்." டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூக்கள் விரிந்து அழுத்திப் பிடிக்கும் பழைய வகை; டிஸ்க் என்பது சுழலும் தட்டைப் பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வகை. ஆசை நியாயமானதுதான். ஈசிஆரில் எண்பதில் போகும்போது முன்னால் போகிற ஆட்டோ சடாரென்று நின்றால், அறுபது வயது வண்டிக்கென்று யாரும் தனியாக இடம் விட்டு வைப்பதில்லை. ஆனாலும் நாங்கள் உடனே சம்மதிக்காமல், இருக்கிற பிரேக்கை முதலில் சரிசெய்து ஓட்டிப் பாருங்கள் என்கிறோம். அதில் சிலருக்கு வருத்தம் என்பதால் காரணத்தை எழுதிவிடுகிறோம்.

போன மாதம் எம்ஜிஏ என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்தது. 1955-இல் வெளிவந்த அந்த மாடலுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். 1959-இல் வந்த எம்ஜிஏ 1600-இல் முன்பக்கம் டிஸ்க் கொடுத்தார்கள். இந்த வண்டி முந்தையது. பிரேக்கை மிதித்ததும் வலப்பக்கம் இழுத்தது. காலை எடுத்த பிறகும் இடது முன்சக்கரம் பிடித்தபடியே இருந்தது. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பிளேடால் நீளவாக்கில் அறுத்தோம். வெளியே பளபளப்பு. உள்ளே ரப்பர் ஊதி, ஒரு குண்டூசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஆயில் மெதுவாகப் போகும், திரும்பி வராது. டேங்கில் இருந்த பிரேக் ஆயிலோ காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஹோஸ்களையும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப்புகளையும் மாற்றி, டிரம்மை லேத்தில் கடைந்து, ஷூவில் புது லைனிங் (உராய்வுப் பட்டை) ஒட்டி, லைனில் சிக்கிய ஏரை எடுத்துக் கொடுத்தோம். உரிமையாளர் மாமல்லபுரம் வரை போய் வந்தார். அப்புறம் டிஸ்க் பேச்சை எடுக்கவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை குறையும்; சூட்டில் ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. டாட் 4 என்ற தர வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155-தான். கடற்கரை ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு வருடம் ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். டாட் 5 என்பது சிலிக்கான். அதை மற்ற ஆயிலோடு கலந்துவிடாதீர்கள்.

டிஸ்க்கின் பெருமை சூட்டைத் தாங்கி வெளியே விடுவதில். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் வென்றதில் அதன் டிஸ்க் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும், நாங்களே பரிந்துரைப்போம். ஆனால் நல்ல டிரம்மே சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவிடுகிறது என்றால், ஒற்றை அவசரப் பிரேக்கில் வண்டி எங்கே நிற்கும் என்பது டயரின் பிடியைப் பொறுத்தது. டயர் பத்து வருடப் பழசாக இருந்தால் அந்தப் பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் டிஸ்க்கோடு வேலை முடியாது. சில டிரம் வகை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் ஒரு வால்வு இருக்கும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு. அதை அப்படியே விட்டு, பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரை மாட்டினால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். டிரம்மில் ஷூவைச் சுழற்சியே உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் பெடல் கல் மாதிரி இருக்கும், பல வண்டிகளுக்கு மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் தேவைப்படும். எல்லாவற்றையும்விட நாங்கள் பயப்படுவது முன்பின் சமநிலை கெடுவதற்கு. பின்சக்கரம் முந்திப் பூட்டினால், மழை ஈரத்தில் வண்டி சுழன்று திரும்பிவிடும். அதனால் காலி ரோட்டில் நாங்கள் சோதித்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் திருப்பித் தருவதில்லை. அந்தச் சோதனைக்கு ஆகும் இரண்டு நாளுக்காக அவசரப்படுத்தாதீர்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நம் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும், 1962-இல் முன்பக்க டிஸ்க்கோடு வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம்; ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். அதனால் பாகம் தேடுவது எளிது. இருந்தாலும் உங்கள் வண்டியை அளந்து பார்த்த பிறகே ஆர்டர் கொடுப்போம்.

டிரம்மோ டிஸ்க்கோ, ஒரு மாற்றத்தை மட்டும் எல்லோரிடமும் வற்புறுத்துகிறோம்: ஆயில் வழியை இரண்டாகப் பிரிக்கும் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். பழைய ஒற்றைச் சர்க்யூட்டில் துருப்பிடித்த ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். பைப்பையும் அப்போதே செம்பு-நிக்கல் கலவைக்கு மாற்றிவிடலாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்காது.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வீட்டில் டிரம்மைத் திறந்து ஏர் அடித்துத் தூசியை ஊதாதீர்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் திறக்கவே வேண்டாம். மாற்றத்துக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டுத் தருவோம், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெடலை இரண்டு முறை பம்ப் அடித்தால்தான் பிடிக்கிறது என்ற நிலையில் இருந்தால் வண்டியை ஓட்டி வராதீர்கள். போன் செய்யுங்கள், நாங்களே வண்டி அனுப்பி ஏற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப்,
சென்னை