சும்மா கிடைக்கிற பாடம்னா அவ்வளவு கேவலமா?

ஆசிரியர் அய்யாவுக்கு, தாராவியில இருந்து வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பிள்ளைங்க படிப்பு பத்தி வந்த கட்டுரையில ஒரு வரி: "ஆன்லைன்ல இலவசமா கிடைக்கிற பாடமெல்லாம் பொழுதுபோக்குக்குத்தான், காசு கட்டிப் படிக்கிற பிள்ளைதான் கரை சேரும்." படிச்சதுல இருந்து மனசு ஆறல. அதுக்குக் கீழயே அரைப்பக்கத்துக்கு கோச்சிங் கிளாஸ் விளம்பரம் வேற. விளம்பரம் இல்லாம பத்திரிகை நடத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும், அதுக்காக காசு கட்ட முடியாதவங்க படிப்பை இப்படியா பேசறது?

என் பையன் பத்தாவது வரைக்கும் மாநகராட்சி ஸ்கூல்ல தமிழ் மீடியம். அதுக்கப்புறம் ஜூனியர் காலேஜ்ல எல்லாமே இங்கிலீஷ், அந்த பதினொன்னாவதுல நம்ம பிள்ளைங்க எத்தனை பேர் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிடறாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா. இவன் எப்படியோ தாண்டி இன்ஜினியரிங் சேர்ந்தான், முதல் வருஷம் மேத்ஸ்ல விழுந்தான். நாங்களும் கடன் வாங்கி ஒரு கிளாஸ்ல சேர்த்தோம். அங்க என்ன நடந்துச்சு தெரியுமா? சார் வராத நாள்ல ஐஐடி ப்ரொபசர் பாடம் எடுக்கிற வீடியோவை ப்ரொஜெக்டர்ல ஓட்டுவாங்களாம். அது ஐஐடிங்க சேர்ந்து இலவசமா போடற என்பிடெல் வீடியோம்மா, நம்ம போன்லயே சும்மா பாக்கலாம்னு பையன் சொன்னப்ப என் வயிறு எரிஞ்சது. இலவசப் பாடம் மட்டம்னா அதையே போட்டுக் காட்டி எங்ககிட்ட எதுக்கு காசு வாங்கினாங்க?

அதுக்கப்புறம் கிளாஸை நிறுத்திட்டான். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் போனை வச்சுக்கிட்டு உக்காருவான். அமெரிக்காவுல எம்ஐடின்னு ஒரு பெரிய யுனிவர்சிட்டி, அங்க கில்பர்ட் ஸ்ட்ராங்னு ஒரு பெரியவர், சாக்பீஸ் புடிச்சு போர்டுல லீனியர் அல்ஜீப்ரா எழுதிப் போடறார், 60 வருஷத்துக்கு மேல அங்க வாத்தியாரா இருந்து 2023லதான் ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனா பையன் நிறுத்தி நிறுத்தி, திரும்பப் போட்டுப் போட்டுப் பாக்கறதை நான் பாத்தேன். கிளாஸ்ல கை தூக்கி திரும்பச் சொல்லுங்க சார்னா பசங்க சிரிப்பாங்க, தமிழ் மீடியம் பையன்னு தெரிஞ்சிடும். வீடியோ சிரிக்காது. அந்த மேத்ஸ் பேப்பரை அவன் பாஸ் பண்ணினது இப்படித்தான்.

ஆன்லைன்ல பாடம் நடத்தி எப்படி சம்பாதிக்கலாம்னு கமிட்டி போட்டு யோசிச்சுப் பாத்துட்டு, வேண்டாம், சும்மாவே கொடுத்துடலாம்னு 2001ல அறிவிச்சது அந்த எம்ஐடி. பாக்கறதுக்கு மட்டும் இல்ல, வியாபாரம் பண்ணாத வரைக்கும் டவுன்லோட் பண்ணலாம், மொழிபெயர்க்கலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு லைசென்ஸ்லயே எழுதி வச்சிருக்காங்க. 2003ல ஆரம்பிச்ச என்பிடெல் நம்ம வரிப்பணம், இங்க மும்பையில இருக்கிற நம்ம பவாய் ஐஐடியும் அதுல சேர்த்தி. இதையெல்லாம் விடுங்க, 1998 பொங்கலுக்கே மதுரைத் திட்டம்னு தொடங்கி, உலகம் பூரா இருந்த தமிழங்க சங்க இலக்கியம், குறள்னு எல்லாத்தையும் கூலி வாங்காம டைப் அடிச்சு இலவசமா இணையத்துல ஏத்தினாங்க. எம்ஐடிக்கு முன்னாடியே நாம செஞ்ச காரியம் அய்யா இது, அதை ஒரு தமிழ்ப் பத்திரிகையே பொழுதுபோக்குன்னு எழுதினா யார்கிட்ட போய்ச் சொல்ல?

கோபம் இந்தக் கட்டுரையோட முடியல. பவாய் ஐஐடியில இருந்தே ஸ்போக்கன் டுட்டோரியல்னு கம்ப்யூட்டர் பாடங்கள் வருது, தமிழ்லயே பேசி, ஒவ்வொண்ணும் சுமார் பத்து நிமிஷம். நாங்க குடியிருக்கிற சால்ல, அதான் வரிசை வீடுங்க, டெய்லரிங் பண்ற ரெண்டு பொண்ணுங்க அதைப் பாத்துதான் கணக்கு ஷீட் போடக் கத்துக்கிட்டு இன்னைக்கு ஆபீஸ் வேலைக்குப் போகுதுங்க. இதை பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிஞ்சது, இத்தனை வருஷமா வாங்கற உங்க பத்திரிகையில நான் பாத்ததே இல்ல. 2020 லாக்டவுன்ல ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுல மூணு பிள்ளைங்க, அப்ப எங்கள பத்தி பக்கம் பக்கமா பாவம்னு எழுதினீங்க, அந்த போன்லயே என்ன படிக்கலாம்னு ஒரு கால் பக்கம் போட்டிருக்கலாமே. முன்னாடி பத்தாவது மாதிரி வினாத்தாள் போடுவீங்க, அதையும் நிறுத்திட்டீங்க, கேட்டு கார்டு போட்டேன், பதில் இல்ல.

காலேஜ்காரங்களும் சளைச்சவங்க இல்ல. ஸ்வயம்னு மத்திய அரசோட ஆன்லைன் படிப்புத் தளம், அதுல படிச்சதை ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் கணக்குல எடுத்துக்கலாம்னு யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2021லயே விதி போட்டாச்சு. பையன் போய்க் கேட்டா அதெல்லாம் இங்க கிடையாதுன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க. பன்னெண்டு வாரம் பாடம் கேட்டு, அசைன்மென்ட் எழுதி, ஆயிரம் ரூபாய் பரீட்சை ஃபீஸ் கட்டி, சென்டருக்குப் போய் எழுதி வாங்கின சர்டிபிகேட் அது. பாடம்தான் இலவசம், பரீட்சை இல்ல, அந்த ஆயிரத்துக்கு நான் எத்தனை பிளவுஸ் தைக்கணும்னு கட்டுரை எழுதினவருக்குத் தெரியாது.

கட்டுரையை வாபஸ் வாங்குங்கன்னு கேக்கல. என்பிடெல், ஸ்வயம் பாடங்கள் ஜனவரியிலயும் ஜூலையிலயும் தொடங்குது, பேர் கொடுக்க கடைசி தேதி எங்க ஏரியால யாருக்கும் தெரியறதில்ல, தெரியும்போது முடிஞ்சிருக்கும். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ராசிபலன் பக்கத்துல ஒரு மூலையில ரெண்டு வரி போடுங்க அய்யா, அது போதும். கடிதம் நீளமா இருக்குன்னு வெட்டறதா இருந்தா என் பையன் கதையை வெட்டிக்கோங்க, அந்த ரெண்டு மாசம் பேரை மட்டும் விட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
தாராவி, மும்பை