ஓம் என்று மட்டும் சொல்கிறாய்

முள்ளியவளை,
புரட்டாதி

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். புழுதி விதைப்பு முடிந்துவிட்டது, இனி மழையைத்தான் பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் நோ முன்போலத்தான். இரவில் சாப்பிடாமல் படுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஏழு நிமிடம் பேசினாய். அதில் பாதி ஓம். வேலை நடக்கிறதா, ஓம். குளிர் தொடங்கிவிட்டதா, ஓம். எல்லோரும் சுகமா என்றேன். அதற்கும் ஓம்தான், கொஞ்சம் பிந்தி வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் மண்டைக்குள் சுற்றுகிறது. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு வேறு என்ன வேலை?

1990இல் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது தேநீர்க் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். "சர்க்கரை போடவா என்றால்கூட மந்திரம் சொல்கிறீர்களே!" அவர்களுக்கு ஆமாம், நமக்கு ஓம், சிங்களத்தில் ஒவ். பொருள் சொல்லத் தெரியாமல் பிரமன் சிறைக்குப் போன சொல்லை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்ற கேள்விக்குப் பதிலாக வைத்திருக்கிறோம் நாங்கள்.

சின்னவளும் போன கிழமை பேசினாள். நோர்வே மொழியிலும் ஓம் இருக்கிறதாம், அப்பப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். 'பற்றி' என்பதற்கும் அதுதான். 'இரண்டு கிழமையில்' என்று சொல்லவும் அதுதான். வருவாரா மாட்டாரா என்ற ஐயத்துக்கும் அதுதான். ஒரு வசனம் சொல் என்றேன். "அப்பா வருவாரா என்று எனக்குத் தெரியாது" என்றாள். பிள்ளை ஏன் அந்த வசனத்தை எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் தெரிந்த சுவர் நீலம். உங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை அல்லவா? வர்ணம் பூசியிருப்பீர்கள். அம்மா கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகச் சமைப்பதென்றால் பருப்பும் சோறும் போதும்.

நீ முதல் சம்பளத்தில் அடித்துத் தந்த குழாய்க்கிணற்றில் தண்ணீர் எடுக்காத வீடு இந்த ஒழுங்கையில் இல்லை. எல்லோரும் உன்னை வாழ்த்துகிறார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தகப்பனுக்கு நாலு வரி எழுத நேரமில்லை!

நன்னூல் நினைவிருக்கிறதா? எம், ஏம், ஓம்: படர்க்கையாரையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மை விகுதிகள். அடித்துப் படிப்பித்தேன், மறந்திருக்க மாட்டாய். சித்திரையில் நீ அனுப்பிய செய்தியில் 'கோயிலுக்குப் போனோம், பொங்கினோம்' என்று இருந்தது. ஆடியிலிருந்து போனேன், சமைத்தேன், படுத்தேன். நான் தேடுவது அந்த ஓமைத்தான், மகன். தொலைபேசியில் சொல்லும் ஓமை அல்ல.

ஒல்லாந்தர் மொழியில் ஓம் என்றால் மாமா. அவர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் இன்றும் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இதை வாசித்தபோது பெண்ணின் மாமா நம் விறாந்தையில் வந்திருந்த நாள் நினைவுக்கு வந்தது. தேநீர் ஆறுவதற்குள் அவருக்கு நான் ஓம் சொல்லிவிட்டேன். கலியாண மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிய பிறகுதான் உன்னிடம், "சம்மதம்தானே?" என்று கேட்டேன். நீ "ஓம் அப்பா" என்றாய். அது சம்மதமா, மரியாதையா என்று இலக்கணம் படிப்பித்த எனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரியாதவன்போல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவளுடைய வாயில் என்ன இருந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கத்தான் நினைத்தேன். நாளை ஒருவர் பயணம் போகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். முறிகண்டிக் கச்சானும் இருக்கிறது. இரண்டு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். மற்றதை எந்த வீட்டில் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடு.

இரவில் சாப்பிடாமல் படுக்காதே. பதில் எழுது. சாப்பிட்டேன் என்றால் சாப்பிட்டேன் என்றே எழுது, நான் திருத்த மாட்டேன்.

அப்பா