பல் லேப் தூசிக்கும் பாதுகாப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் என்றதும் நம் குமரி மாவட்டத்தில் கல்குவாரித் தொழிலாளிதான் நினைவுக்கு வருகிறார். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சிறிய அறைகளில் செயற்கைப் பல் செய்யும் பல் லேப்களில் அதே சிலிக்கா தூசியைச் சுவாசிக்கும் பல் மெக்கானிக்குகளை யாரும் நினைப்பதில்லை.

உலோகப் பல் வார்ப்பதற்காக மெழுகு மாதிரியைச் சுற்றி அச்சாக ஊற்றும் இன்வெஸ்ட்மென்ட் பொடியில் குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்கா வகைகள் உள்ளன. பொடியைக் கலக்கும்போதும், வார்ப்பு முடிந்து அச்சை உடைக்கும்போதும், ஒட்டியிருப்பதைச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து (காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சி) அகற்றும்போதும் அது காற்றில் பறக்கிறது. பிறகு மைக்ரோமோட்டார் என்னும் சிறு சுழல் கருவியில் தேய்க்கையில் கோபால்ட், குரோமியம், நிக்கல், அக்ரிலிக் துகள்களும் சேர்கின்றன; சில நிக்கல் கலவைகளில் நச்சு உலோகமான பெரிலியமும் உண்டு. வேலை முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் நடப்பதால், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நேராக நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பை மாற்றும் மருந்து இல்லை. துணி முகக்கவசம் அந்தத் துகளைத் தடுப்பதுமில்லை.

அமெரிக்காவில் 1994 முதல் 2000 வரை ஐந்து மாநிலங்களில் பல் லேப் தொழிலாளர்கள் 9 பேருக்கு சிலிகோசிஸ் உறுதி செய்யப்பட்டது. இந்நோயின் எக்ஸ்ரே காசநோயைப் போலத் தோன்றக்கூடும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றவும் செய்யும். ஆகவே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை, நாள்பட்ட இருமலோடு வருபவரிடம் என்ன தொழில், எத்தனை ஆண்டுகள் என்று கேட்டுச் சீட்டில் எழுத வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆனால் மின்விசையில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அச்சட்டம் பொருந்தியது. அதற்குப் பதிலாக வந்த 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கியது. மூன்று பேர் உட்காரும் லேப்பை எந்த ஆய்வாளர் எட்டிப் பார்ப்பார்?

எனவே, வேலை அனுப்பும் பல் மருத்துவர்களையே நான் பெரிதும் நம்புகிறேன். விலையையும் தேதியையும் கேட்கும் அவர்கள், மேசைதோறும் தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதா, சாண்ட் பிளாஸ்டிங் மூடிய பெட்டிக்குள் நடக்கிறதா என்றும் கேட்டால் லேப் உரிமையாளர்கள் விரைவில் மாறுவார்கள். கருவி வாங்கும்வரை, அச்சை நனைத்து உடைப்பதையும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதையும் செலவின்றி இன்றே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பல் மெக்கானிக் ஒருவர்,
மார்த்தாண்டம்.