கஞ்சி குடித்தாயா என்று கேட்ட ஊருக்கு

குழித்துறை ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊராருக்கும், களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை ஊர்க் குழுக்களிலும் சபைக் குழுக்களிலும் என் தங்கை மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற எல்லாருக்கும்,

நான் அவளுடைய பெரியம்மா. அவள் குரலைக் கேட்டு இன்றோடு 23 நாள் ஆகிறது. எங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வியட்நாமின் வட கோடியில், சீன எல்லையை ஒட்டி, ஹா ஜியாங் என்ற மலைப்பகுதி இருக்கிறது. ஹனோயிலிருந்து பஸ் ஏறி அங்கே போனாள். டோங் வான் என்ற சிற்றூரில் ஒரு சிறிய விடுதியில் தங்கினாள். வெளிநாட்டார் யார் தங்கினாலும் விடுதிக்காரர் உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அவள் கடைசியாகத் தூங்கிய இடம் எங்களுக்குத் தெரிந்தது அதனால்தான். மறுநாள் காலையில், மா பி லெங் கணவாய்ப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு மாலையில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பவில்லை. பெரிய பையும் துணிமணியும் அறையிலேயே இருந்தன. இதற்கு மேல் நீங்கள் கேள்விப்பட்ட எதுவும் எங்கள் வீட்டிலிருந்து வந்ததல்ல.

அவளுக்கு 26 வயது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். என் தங்கை அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், இருபது வருடமாகக் கொட்டை உடைத்து, விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனவள். பெங்களூரில் வேலை கிடைத்த பிறகு இந்தப் பிள்ளை முதலில் தன் கல்விக்கடனை அடைத்தாள். அடுத்து வீட்டுக்கு ஓடு மாற்றினாள். அதற்கும் பிறகு இரண்டு வருடம் சேமித்து, பன்னிரண்டு நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு, கொச்சியிலிருந்து விமானம் ஏறினாள். ஏழாம் வகுப்பில் படிக்கும்போது மருந்துவாழ் மலையில் ஏறி, ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் வயலையும் பார்த்துவிட்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அவள். மலை என்றால் உயிர். காரணம் அவ்வளவுதான். வேறு எந்தக் காரணத்தையும் நீங்கள் தேட வேண்டாம்.

ஆனால் தேடினீர்கள். காதல் என்றீர்கள். கடத்தல் தொழில் என்றீர்கள். மதம் மாறிவிட்டாள் என்று ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். அவருடைய பேத்திக்கு நான்தான் முதல் ஊசி போட்டேன். அவளுடைய சமூக ஊடகப் பக்கத்திலிருந்து கையில்லாத சட்டை போட்ட ஒரு படத்தை எடுத்து, அதன்மேல் சிவப்பு வட்டம் வரைந்து சுற்றவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: பெண்பிள்ளையை ஏன் தனியாக அனுப்பினீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குத்தான் இந்த மடல்.

நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த பெண் இல்லாத தெரு எது? 22 வயதிலும் 23 வயதிலும் ரியாத்துக்கும் குவைத்துக்கும் லண்டனுக்கும் அவர்களைத் தனியாகத்தான் அனுப்புகிறோம். வேன் பிடித்துத் திருவனந்தபுரம் விமான நிலையம் வரை போய், ஜெபம் பண்ணி, அழுது வழியனுப்புகிறோம். நானும் அப்படிப் போனவள். 1989இல் நான் குவைத்துக்குப் போனபோது ஏன் தனியாக அனுப்புகிறாய் என்று என் அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் மாதாமாதம் பணம் அனுப்பப் போகிறவள். அந்தப் பணத்தில் தம்பி படித்தான், தங்கை கல்யாணம் நடந்தது, கிணறு வெட்டினோம். குடும்பத்துக்காகக் கடல் கடந்தால் துணிச்சல்காரி. தான் சம்பாதித்த காசில் ஒரு மலையைப் பார்க்கப் போனால் அடங்காதவள். இந்த இரண்டு அளவுகோலையும் ஒரே கையில் வைத்திருக்கிறோம். 36 வருடம் நானும் வைத்திருந்தேன். அவள் பயணச்சீட்டு எடுத்த செய்தியைச் சொன்னபோது, இந்தக் காசை நகையில் போடலாமே என்று சொன்னது நான்தான். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவள் அழைக்க வேண்டுமென்று காத்திருக்கிறேன்.

நான் குவைத்துக்குப் போன அடுத்த வருடம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. தொலைபேசி செத்துவிட்டது, கடிதம் நின்றுவிட்டது. பஸ்ரா, பாக்தாத் என்று பஸ் மாறி மாறி ஜோர்டான் எல்லையை அடைந்து, பாலைவன முகாமில் கூடாரத்துக்குள் கிடந்து, அம்மானிலிருந்து என் முறை வரும்வரை காத்திருந்தேன். 59 நாட்களில் 488 விமானப் பயணங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அப்படி வீடு சேர்ந்தோம். செப்டம்பர் கடைசியில் பம்பாயில் இறங்கித் தந்தி அடித்தேன். அதுவரைக்கும், ஐம்பது நாளுக்கு மேல், நான் உயிரோடு இருக்கிறேனா என்றே என் வீட்டுக்குத் தெரியாது. இன்று இந்தப் பிள்ளை இருக்கிற இடத்தில் அன்று நான் இருந்தேன்.

அந்த ஐம்பது நாள் இந்த ஊர் என்ன செய்தது என்பதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் ரேடியோ கரகரத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டு நாடார் மாமா தன் ரேடியோவைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். மாலைச் செய்தி நேரத்தில் பத்துப் பதினைந்து பேர் முற்றத்தில் நின்று கேட்பார்கள்; செய்தி முடிந்ததும் ஒன்றும் பேசாமல் கலைந்து போவார்கள். கோவிலில் விளக்கு வைத்தார்கள், சபையில் உபவாசம் இருந்தார்கள், தக்கலை பீரப்பா தர்காவுக்கு ஒருவர் நேர்ந்துகொண்டார். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாமலே வந்தது. காலையில் வேலிக்கு அப்பாலிருந்து யாராவது ஒருத்தி, "கஞ்சி குடித்தாயா?" என்று அம்மாவைக் கேட்பாள். வேறெதுவும் கேட்க மாட்டாள். குடித்தேன் என்று பொய் சொல்ல வெட்கப்பட்டு, அம்மா உள்ளே போய் உண்மையாகவே ஒரு வாய் குடித்திருக்கிறாள்.

2017ஐயும் மறந்துவிட்டோமா? நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களைத் தேடச் சொல்லி, டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, பெண்களும் குழந்தைகளும் கன்னியாஸ்திரிகளும். நாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தோம். உன் புருஷன் ஏன் அவ்வளவு தூரம் போனான் என்று அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டோமா? அப்படிக் கேட்க நமக்கு நாக்கு எழவில்லை. அதே நாக்குதான் நமக்கு இப்போதும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் மாதம், நம்மிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் கோவளத்தில் லாட்வியா நாட்டுப் பெண் ஒருவர் காணாமல் போனார். அவருடைய தங்கை கையில் சுவரொட்டியோடு ஊர் ஊராக அலைந்தார். கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தபோது அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். நின்று படிக்கவில்லை. பஸ்சைப் பிடிக்கும் அவசரம். வெள்ளைக்காரி எங்காவது சுற்றிக்கொண்டிருப்பாள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு ஏப்ரலில் சதுப்புக் காட்டில் உடல் கிடைத்தது. 2022 டிசம்பரில் கொலைக்காக இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். நான் தலையாட்டிய அந்த நொடி இந்த 23 நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது ஹா ஜியாங்கில் எங்கோ ஒரு சுவரில் எங்கள் பிள்ளையின் படம் ஒட்டியிருக்கிறது. அதன் முன்னால் யார் நிற்கிறார்கள், யார் தலையாட்டிவிட்டு நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் பேச்சு எங்களை நோகடித்தது என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அது தேடுதலையே கெடுத்தது.

நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கினோம். ஹனோயில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கு எழுதினோம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் பதிந்தோம். அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்தில் மனு கொடுத்தோம். காணாமல் போனவர்களுக்காக இன்டர்போல் விடுக்கிற மஞ்சள் அறிவிப்புக்கும் கேட்டிருக்கிறோம். இந்தியாவிலிருந்து அந்தக் கோரிக்கை சிபிஐ வழியாகத்தான் போக வேண்டும். மனு கொடுக்கும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்தோம். அந்த நகலை யாரோ படம் பிடித்து ஊர்க் குழுவில் போட்டார்கள். உதவும் எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். நான்காம் நாள் ஒருவன் அழைத்தான். அவளுடைய பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் பிசகில்லாமல் சொன்னான். அங்கே மருத்துவமனையில் இருக்கிறாள், முன்பணம் கட்டினால்தான் அறுவை சிகிச்சை என்றான். தங்கையின் கணவர் வளையல்களை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வாசல்வரை போய்விட்டார். கடைக்காரர் நல்ல மனிதர். தூதரகத்தைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

ஆறாம் நாள் "கிடைத்துவிட்டாள், தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று ஒரு செய்தி. கீழே கைகூப்பிய படம். யார் முதலில் எழுதியது என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் நாற்பது குழுக்களைத் தாண்டிவிட்டது. அன்று என் தங்கை வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று. உடன் வேலை செய்கிறவள் கைப்பேசியை நீட்டிக் காட்டியதும் எழுந்து ஓடியிருக்கிறாள். செருப்பு அங்கேயே கிடந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடி வந்து, முற்றத்தில் நின்று, "எங்கே, பேசச் சொல்லு, பேசச் சொல்லு" என்றாள். எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. 34 வருடம் நர்சாக இருந்து எத்தனையோ பேருக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன். அன்று என் தங்கையிடம், அது பொய் மக்களே என்று சொன்னதைப் போல எதுவும் கடினமாக இருந்ததில்லை.

அதே வாரம் டோங் வான் விடுதிக்காரருடைய எண்ணை யாரோ கண்டுபிடித்துப் பரப்பினார்கள். நூற்றுக்கணக்கான அழைப்புகள், கொலைகாரன் என்று வசவு, விடுதியின் இணையப் பக்கத்தில் கெட்ட மதிப்பெண்கள். அவளைக் கடைசியாகப் பார்த்த மனிதர் அவர். அவள் எந்தப் பாதையில் திரும்பினாள், கையில் குடை இருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். இப்போது இந்திய எண் என்றாலே எடுப்பதில்லை. தூதரகம் வழியாகத்தான் இனிப் பேச முடியும். அதற்கு நாட்கள் ஆகின்றன.

இப்படி நடப்பது புதிதல்ல என்கிறான் இங்கிலாந்தில் இருக்கும் என் மகன். 2024 ஜூனில் ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில் ஒரு பிரிட்டன் இளைஞர் மலைப்பகுதியில் காணாமல் போனபோதும், உலகம் முழுக்க ஆளாளுக்குத் துப்பறிந்தார்களாம். தாயையே சந்தேகித்தவர்கள் உண்டாம். நான்கு வாரம் கழித்து ஒரு பள்ளத்தாக்கில் உடல் கிடைத்தது. தவறி விழுந்து நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிவு செய்தது. அங்கும் அது பாறையும் சரிவும் நிறைந்த மலைதான். ஹா ஜியாங்கும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. கணவாய்க்குக் கீழே வெகு ஆழத்தில் ஞோ க்வே ஆறு ஓடுகிறது. எது நடந்திருக்கக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு காலையும் எழுந்திருக்கிறோம்.

ஆகவே கேட்கிறேன். பாஸ்போர்ட் படம் உங்கள் கைப்பேசியில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். குழுவின் நிர்வாகிகளே, அவளைப் பற்றிய குரல் பதிவுகளையும் நீக்கிவிடுங்கள். யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எங்கள் வீட்டு வாசலில் நின்று படம் பிடிக்க வருகிறவர்களுக்கு வழி சொல்லாதீர்கள். தகவல் ஏதாவது இருந்தால் காவல் நிலையத்துக்கோ தூதரகத்துக்கோ நேராகச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் இந்த இரண்டு மூன்று வருடத்தில் வியட்நாம் போய்வருகிறார்கள். 23 நாளைக்கு முந்திய அந்த வாரத்தில் ஹா ஜியாங் பக்கம் போனவர்கள் உங்கள் வீட்டிலோ நண்பர்களிலோ இருந்தால், அவர்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பின்னணியைப் பார்க்கச் சொல்லுங்கள். தேநீர்க் கடை, பஸ் நிறுத்தம், பாதையோரம், எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மஞ்சள் மழைச் சட்டை, சாம்பல் நிறச் சிறு பை, இடது புருவத்தின் மேல் ஒரு சிறு தழும்பு. அது ஐந்து வயதில் எங்கள் வீட்டு ஆட்டுரலில் மோதி வந்தது.

என் தங்கை திங்கட்கிழமை முதல் மறுபடியும் அண்டி ஆபீசுக்குப் போகிறாள். காலை எட்டு மணிக்கு முன்னால் சபைமுக்கைத் தாண்டி நடந்து போவாள். அவள் வரும்போது கடைத் திண்ணையில் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளாதீர்கள். கிடைத்தாளா என்றும் கேட்காதீர்கள். கிடைத்தால் அவளே ஓடிவந்து சொல்வாள். கஞ்சி குடித்தாயா என்று மட்டும் கேளுங்கள்.

அவளுடைய பெரியம்மா