எண்ணெய்க்கு முன்னால் ஒரு கோடு

ஐயா,

வட கடல் எண்ணெய் பற்றிய கட்டுரையில் யென்ஸ் எவன்சன் பெயர் விடுபட்டது பெரிய குறை. ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் 1951இல் முடிந்த பிரிட்டன் - நார்வே மீன்பிடி வழக்கில் நார்வே தரப்பில் பணியாற்றிய வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். வெளித் தீவுகளையும் பாறைகளையும் இணைக்கும் நேர்கோடுகளிலிருந்து நார்வே தன் 4 கடல் மைல் மீன்பிடி எல்லையை அளப்பது செல்லும் என்று தீர்ப்பானது.

1965 மார்ச்சில், நார்வே தரப்பில் அவர் பேச்சு நடத்திய பிரிட்டனுடனான நடுக்கோட்டு ஒப்பந்தம்: இரு கரைகளுக்கும் சம தூரத்தில் கடலடியைப் பிரிக்கும் கோடு. நார்வே கரையை ஒட்டி ஆழமான கடலடிப் பள்ளம் ஓடுகிறது. கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலம்) அங்கேயே முடிகிறது என்று பிரிட்டன் பிடிவாதம் பிடித்திருந்தால் நார்வேயின் பங்கு வெகுவாகச் சுருங்கியிருக்கும். எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் தெரியவந்ததே 1969இல்தான்!

கடல் சட்ட அமைச்சராக அவர் இருந்தபோது, 1977 ஜனவரி 1 முதல், நார்வேயின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் (மீன் முதலிய கடல் வளங்கள்மேல் கரை நாட்டுக்கு உரிமை உள்ள பரப்பு) நடைமுறைக்கு வந்தது. சோவியத்துடனான 1978 பேரன்ட்ஸ் கடல் ‘சாம்பல் மண்டல’ ஏற்பாட்டுக்கு (எல்லை தீராத பகுதியில் மீன்பிடிப்புக்கான தற்காலிக ஒழுங்கு) மட்டும் உள்நாட்டில் கடும் எதிர்ப்பு.

- ஒரு வாசகர்