எங்கள் வன உரிமைப் பட்டாவுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி

பேச்சிப்பாறை அணைக்கு மேலே, காணிக்காரர் என்ற பழங்குடியினரான எங்கள் குடியிருப்புக்கு வன உரிமைப் பட்டா வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்துக்கு வர முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்து இந்த மடல்.

2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் எங்கள் கையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காகிதம் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் மனுக்களைத் திருப்பிவிட்டார்கள். 1906-இல் அணை கட்டி முடிப்பதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிற சனத்திடம் என்ன காகிதம் இருக்கும்? மார்த்தாண்டத்து வக்கீல் அக்காதான் அந்தச் சட்டத்துக்கான விதிகளில் 13-ஆம் விதியை எடுத்து வாசித்தார். பெரியவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. இடுகாடும் சாமி இருக்கும் இடமும் சான்று. அக்கா, அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெம்பு வந்தது.

அப்புறம் எங்கள் ஊர்த்தலைவரான மூட்டுக்காணி பாட்டா கம்பை ஊன்றிக்கொண்டு மலை முழுக்க நடந்தார். இது என் அம்மை நட்ட அயனி, இந்த மேட்டில்தான் மாமனை அடக்கினோம், இங்கே மரச்சீனி போட்டோம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். குலசேகரத்து வாத்தியார் சார் கூடவே நடந்து, பாட்டாவின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்கினார். அந்த மரியாதையை மறக்க மாட்டோம்.

2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட தடை தமிழ்நாட்டில் பட்டா வழங்குவதை முடக்கியது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அதற்குள் எங்கள் பெரியவர்கள் சிலர் போய்விட்டார்கள். அவர்களுக்கும் இந்த நன்றி சேர வேண்டும்.

பட்டாவில் கணவன் மனைவி இருவர் பேரும் இருக்கிறது. எங்கள் பெண்கள் பேரில் நிலம் வந்தது இதுதான் முதல் தடவை.

பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழுக்காக மேசையிலிருந்தே முடிவு செய்யாமல், மலையேறி வந்து விசாரித்த அதிகாரிக்கும் நன்றி. காணிக்காரர் என்ற சான்று கைக்கு வராததால் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பிள்ளைகள் இங்கே உண்டு. இந்த வருடம் விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போகிறார்கள். நிலம் அளக்க வந்தவர்களை மழையிலும் அக்கரை சேர்த்த வள்ளக்கார அண்ணனுக்கும் எங்கள் அன்பு.

தேன், நல்லமிளகு, மருந்துச்செடி எடுக்கும் சமூக உரிமைக்கான மனு இன்னும் பாக்கி. கிராம சபைத் தேதி முடிவானதும் சொல்லி அனுப்புகிறோம். சாரும் அக்காவும் கட்டாயம் வர வேண்டும். வள்ளத்துக்குச் சொல்லி வைக்கிறோம், சாப்பாடு எங்கள் வீட்டில்.

அன்புடன்,
குடியிருப்பு வன உரிமைக் குழு